ரகசியம் காக்கும்படி ஒரு ஜெபம்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கரண்ட் இரண்டு முறை போனது. இவர் இன்னும் பாயில். கம்பெனியில் நிறுத்திய நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அதையும் நானே தேடித் தர வேண்டும் போல.

வேலையில், எங்கள் லைனில் ஒரே பேச்சு. இந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது, பாதிப் பேரை நிறுத்திவிடுவார்கள். யார் யார் என்று எழுதிக் கொடுப்பது சூப்பர்வைசர் தனசேகர் சார். அதனால் எல்லோருக்கும் திடீரென்று அவர் மேல் பாசம். ஒருத்தி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து நீட்டினாள். அவர் சைவம்.

நான் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மறைமலை நகருக்கு இன்டர்வியூ போய்வந்தது இவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வெளியே தெரிந்தால் முதல் பெயர் என்னுடையதுதான். போகப் போகிறவள்தானே என்று எழுதிவிடுவார்கள். அங்கும் கிடைக்காமல் இங்கும் போய்விட்டால்... எழுதப் பிடிக்கவில்லை.

வாங்க வேண்டியது: எண்ணெய், துணி சோப்பு, இவருக்கு முதுகுத் தைலம்.

ஜூன் 10, செவ்வாய்

ஷிப்ட் முடித்து ஸ்டெல்லா அக்கா வீட்டில் ஜெபம். சபையில் பெண்கள் ஜெபத்தை நடத்துகிறவர் அவர்தான். வழக்கம்போல் ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்து பார்த்தேன். என்னைப் போல் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி கவிதா. புதிதாக வருகிறாள். எங்கள் லைன்தான், கம்பெனி பஸ்ஸிலும் என் பக்கத்து சீட். வடக்குப்பட்டுக்காரி. சூப்பர்வைசருக்கும் சொந்த ஊர் அதுதான். குறித்துக்கொள்ள வேண்டியது.

"விண்ணப்பம் இருந்தா சொல்லுங்கம்மா" என்றார் அக்கா. எல்லோரும் சொன்னார்கள். சர்க்கரை, மருமகள், மாடிப் படியில் கால் பிசகியது. நான் "வேலைக்காக" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் கூட்டத்தில் எதற்கு?

கிளம்பும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "எஸ்தரு, மனசுல இன்னாத்த வெச்சிக்கினு கீற? மூஞ்சே சரியில்லியே."

அவ்வளவுதான். யாரும் என்னை அப்படிக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. சமையலறையில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இன்டர்வியூ, பொய்க் காய்ச்சல், இவர் படுத்தே கிடப்பது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன்.

"நானா? ஆண்டவர்கிட்ட மட்டுந்தான் சொல்லுவேன்."

வாசலில் கவிதா இன்னும் செருப்பு தேடிக்கொண்டிருந்தாள். ஒரு ஜோடி செருப்பை எவ்வளவு நேரம் தேடுவது?

ஜூன் 13, வெள்ளி

ஓ.டி. கை முழுக்க டேப் பிசின். கார் வயர்களைக் கட்டாகச் சேர்த்துச் சுற்றிச் சுற்றி, தூக்கத்திலும் விரல் சுற்றுகிறது என்கிறார் இவர்.

மதியம் ஸ்டெ. அக்காவிடமிருந்து மெசேஜ். இன்று சபையில் உபவாச ஜெபமாம், எனக்காகவும் பட்டினி இருக்கிறாராம். படித்ததும் நெஞ்சு லேசானது. கேன்டீனில் சாம்பார் கூட நன்றாக இருந்தது போல் பட்டது.

பிறகு யோசனை. என் மேல் எதற்கு இத்தனை அக்கறை? அவர் மகனுக்கு எங்கள் கம்பெனியில் வேலை கேட்பாரோ?

ஜூன் 16, திங்கள்

வெளியே தெரிந்துவிட்டது.

டீ நேரத்துக்குச் சற்று முன் தனசேகர் சார் நான் வயர் கட்டும் போர்டு பக்கம் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். மெல்லிய குரலில்:

"இன்னா எஸ்தர், மறைமலை நகர்லாம் எப்டி கீது?"

டேப் கையிலிருந்து நழுவி உருண்டு போனது. "எந்த மறைமலை நகர் சார்?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வயரை எண்ணுவது போல் நடித்தேன்.

"சும்மா கேட்டேம்மா." சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

யார் சொல்லியிருப்பார்? இவர் தெருமுனை வரை கூடப் போவதில்லை. ஸ்டெ. அக்காவுக்கு சார் யாரென்றே தெரியாது. மிச்சம் இருப்பது செருப்பு தேடினவள்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. பின் சீட்டுக்குப் போனேன். திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

வீட்டில் முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. உம்மிடம் போக வேண்டிய பேச்சு எப்படி ஆண்டவரே அந்த ஆளிடம் போனது என்று கேட்டேன். பதிலுக்குப் பக்கத்து வீட்டு மிக்ஸி. கேட்பது ஆண்டவர்தானா என்றே சந்தேகம் வருகிறது. இதை எழுதியதற்கு மன்னிப்பு.

ஜூன் 17, செவ்வாய்

தலைவலி என்று சொல்லி வீட்டு ஜெபத்துக்குப் போகவில்லை.

கண்ணி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை லீவ் போடப் போகிறேன், நாத்தனார் மகளுக்கு நிச்சயம் என்று கவிதாவிடம் மட்டும் சொன்னேன். நிச்சயமும் இல்லை, நாத்தனாருக்கு மகளும் இல்லை. சார் வாயிலிருந்து அந்த வார்த்தை வரட்டும், பிறகு இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

சார் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு முறை என் பக்கம் வந்து, ஏதோ சொல்ல வாய் எடுத்து, போய்விட்டார். லிஸ்ட் எழுதிவிட்டார் போல.

கவிதா கேன்டீன் வரிசையில்: "நாளிக்கி நீ லீவு தானே? உன் போர்ட நான் பாத்துக்குறேன். ரிஜெக்ஷன் வந்தா உன் பேர்ல எழுதிடுவானுங்க."

எதற்கு இந்த உபகாரம்? என் இடத்தைப் பழகிக்கொள்ளப் பார்க்கிறாளோ? நிச்சயம் தள்ளிப் போய்விட்டது என்றேன். "ஐயோ, பொண்ணு வூட்ல ஒண்ணும் பிரச்சனை இல்லியே?" என்று கேட்டாள். இல்லாத பெண்ணுக்காக முகம் வாடினாள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மெட்டீரியல் வரவில்லை, லைன் நிறுத்தம். எல்லோருக்கும் லீவு. கண்ணி கடைசியில் எனக்கே லீவு தந்தது.

பதினொரு மணி வாக்கில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சபை பக்கமிருந்து ஸ்பீக்கர் சத்தம். வெள்ளிக்கிழமை பகலில் நான் ஊரில் இருந்ததே இல்லை. ஸ்டெ. அக்காவின் குரல், மைக்கில், தெரு முழுக்க.

"தகப்பனே, ஸ்தோத்திரம். சேரப்பணஞ்சேரி பள்ளிக்கூடத் தெருவுல குடியிருக்கிற உம்முடைய மகள் எஸ்தருக்காக திரும்பவும் உம்ம பாதத்துல வர்றோம். ஒரகடம் வயர் கம்பெனியில கான்ட்ராக்ட்ல வேலை செய்றா, ஆண்டவரே. யாருக்கும் தெரியாம மறைமலை நகருக்கு இன்டர்வியூ போயிருக்கிறா. காய்ச்சல்னு சொல்லிட்டுப் போன அந்தப் பொய்ய மன்னியும். இந்தக் காரியம் ஒருத்தர் காதுக்கும் போகாம நீரே அந்த ரகசியத்தக் காத்துக்கொள்ளும், அப்பா!"

"ஆமென்!" என்று கூட்டம். கீழே இஸ்திரி வண்டிக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அனுதாபமாகத் தலையாட்டினார்.

ஓடிப் போய் இவரை எழுப்பினேன். "ஈஸ்டர்ல வாங்கின ஸ்பீக்கராச்சே. போன வாரமும்தான் சொன்னாங்க. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

கத்த வேண்டும் போல் இருந்தது. சபைக்கே போய் ஒயரைப் பிடுங்கலாம் என்று கூடத் திரும்பப் படியேறி ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். அதற்குள் அக்கா குரல் உடைந்தது. "அவ தனியா சுமக்கிறா, தகப்பனே. தாங்க மாட்டா" என்று அழுதார். பட்டினி வயிற்றோடு, எனக்காக. என் அம்மா போன பிறகு என் பெயரைச் சொல்லி ஒருவர் அழுது நான் கேட்டதில்லை. ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன். கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

முடியவில்லை இன்னும். அடுத்த விண்ணப்பம்.

"மகள் கவிதாவுக்காக, ஆண்டவரே. பஸ்ல பக்கத்துல உக்கார்ற சிநேகிதி பேசாம போயிட்டா. என்ன தப்பு பண்ணேன்னு தெரியலன்னு அழறா."

மிச்சத் துணியைக் காயப்போடவில்லை.

ஜூன் 21, சனி

பஸ்ஸில் கவிதா பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன், நாத்தனார் மகள் உட்பட. டோல் தாண்டும் வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு: "என்னப் பாத்தா கோள் சொல்ற மூஞ்சி மாதிரியா கீது?" கண் கலங்கியிருந்தது. இறங்கும்போது என் டிபன் பையையும் அவளே தூக்கிக்கொண்டாள். பாதி மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

நேற்று மழை, இன்று சேறு. மறைமலை நகரிலிருந்து இதுவரை போன் இல்லை.

ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் தனசேகர் சார் கூப்பிட்டார். போனேன்.

"லிஸ்ட் வந்துடுச்சும்மா. உன் பேர் கீது. நான் எழுதல. மேலருந்தே வந்துச்சு."

தெரிந்ததுதான். இருந்தாலும் ஸ்டாண்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சபை மைக்கில் கேட்டீர்களா சார் என்றேன்.

"சபைக்குப் பின்னாடி தெருவுக்கு போன மாசந்தான் குடி வந்தேன். அந்த வியாழக்கிழம நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா உங்க மைக்கு எங்க தூங்க வுடுது?" ஷூ நுனியால் சேற்றைத் தள்ளினார். "அதான் அன்னிக்கி உன்னாண்ட கேக்க வந்தேன். அங்க சூப்பர்வைசருக்கு ஆள் எடுக்குறாங்களான்னு. நீ மூஞ்சத் திருப்பிக்கின."

எனக்குப் புரியவில்லை. யாருக்கு சார் என்றேன்.

"எனக்குத்தாம்மா. என் பேரும் லிஸ்ட்ல கீது."

இத்தனை நாள் நான் பயந்த ஆள். சட்டைப் பையில் பேனா, கழுத்தில் ஐடி கார்டு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. அன்று சிரித்தது என்ன சிரிப்பு என்று இன்றுதான் தெரிந்தது.

"நான் கோயிலுக்குப் போறவன்தான். இருந்தாலும் எனக்கும் ஒரு வார்த்த கேக்கச் சொல்றியா? மைக்குல மட்டும் வேணாம். வூட்ல இன்னும் சொல்லல."

சரி சார் என்றேன்.

ஸ்டெ. அக்காவிடம் கொண்டுபோக முடியாது. வேறு யாரையும் நம்பவும் மனமில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். இன்னொருவருக்காக நானாக ஜெபித்துப் பழக்கமில்லை. தனசேகர் சார், ஆண்டவரே, என்று ஆரம்பித்தேன். அவர் மனைவி பெயர் தெரியாது, எத்தனை பிள்ளைகள் என்றும் தெரியாது, உமக்குத் தெரியும் என்றேன். தெரிந்ததை எல்லாம் சொன்னேன். வெகுநேரம் போயிருந்தது போல. இவர் எழுந்து வந்து வாசலில் நிற்பதைக் கூடக் கவனிக்கவில்லை.

என் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது எழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.