முன்னுரையில் இறந்த பெண்

லண்டன்,
1753 மார்ச் 9, வெள்ளிக்கிழமை.

அன்பு மருமகள் டாமரிஸுக்கு,

உன் மாமா பார்னபி எழுதுவது. நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. ஏன் என்று உனக்கே தெரியும்.

உன் அம்மா, என் அக்கா, அனுப்பிய பன்றித் தொடை, சரக்கு வண்டியில் எட்டு நாள் உருண்டும் கெடாமல் வந்து சேர்ந்தது. பாதியை நான் சாப்பிட்டேன், மீதியை ஒரு பிரபு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று அம்மாவிடம் சொல். பிரபு என்றால், பிரபுவின் வண்டிக்காரர். ஆனால் ஒரே வீட்டு ஆள்தானே.

இங்கே புத்தகத் தெருவில் என்னைத் தெரியாதவர் கிடையாது. கிரிம்ஷா அச்சிட்டு விற்கிற எந்தப் புத்தகமும் என் கைபடாமல் வெளியே போகாது. தாள் மடிக்கிற மேஜையில் உட்கார்ந்திருப்பவன் கைபடாமல் எப்படிப் போகும்? மடிக்கும்போதே படித்துவிடுவேன். மடிக்காத ஒரே பெரிய தாளில் பதினாறு பக்கம் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் இருந்தாலும் படிப்பேன். சின்ன வயதில் மூன்று வருடம் எனக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசியில் வாத்தியார்தான் களைத்துப் போனார்.

இனிமேல் சுற்றி வளைக்க முடியாது. உன் கடிதத்துக்கு வருகிறேன். முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்.

போன வருடம் உன் கதையை எனக்கு அனுப்பி வைத்தாய். பெயர் போட வேண்டாம், "ஒரு பெண் எழுதியது" என்று போட்டால் போதும் என்றாய். பாதிரியார் வீட்டுப் பெண் கதை எழுதுகிறாள் என்று ஊர் பேசினால் அப்பா எந்த முகத்தோடு பிரசங்க மேடை ஏறுவார் என்றாய். நியாயம்தான். கிரிம்ஷாவிடம் கொண்டுபோனேன். அவர் நாலு பக்கம் புரட்டிவிட்டு, எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பெண் எழுதியது என்று சொல்லி இந்த மாதம் மட்டும் நாலு கதை வந்துவிட்டது, அதில் மூன்று பெண்கள் தினமும் முகச்சவரம் செய்துகொள்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டுத் தாள்கட்டைத் திருப்பி என்னிடமே நீட்டினார். அந்தக் கை என் பக்கம் வந்ததைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பாவங்க, அந்தப் பொண்ணு போன மாசம்தான் செத்துப் போச்சு" என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. எப்படி என்று கேட்டார். நெஞ்சுச் சளி என்று ஆரம்பித்தேன். அவர் முகம் இளக இளக எனக்குச் சரக்கு ஊறிக்கொண்டே வந்தது. ஜன்னலோரக் கட்டில், வெளியே பனி, தலையணைக்கு அடியில் தாள்கள், கடைசி மூச்சில்கூட ஒரு வரியை அடித்துத் திருத்தின விரல்கள். போன மாதம் என்றால் ஜூன், பனி ஏது என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் காபியை அப்படியே ஆறவிட்டார். இதையே முன்னுரையாக எழுதிக் கொடு என்றார். எழுதினேன். என் வாழ்க்கையில் அச்சேறிய முதல் எழுத்து அதுதான், டாமரிஸ்.

இந்தத் தெருவில் முன்னுரை என்றாலே அப்படித்தான். பழைய பெட்டியில் தாள்கள் கிடைக்கும், மூழ்கின கப்பலிலிருந்து நாட்குறிப்பு மிதந்து வரும். படிக்கிறவர்கள் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கதைக்குப் போய்விடுவார்கள். என்னுடையதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நம்பிவிட்டார்கள். அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன்.

மூன்று பதிப்பு போனது உனக்குத் தெரியும். நான் எழுதாமல் மறைத்தது வேறு. சீமாட்டிகள் புத்தகத்தைக் கறுப்பு ரிப்பன் கட்டி வைத்துக்கொள்கிறார்கள். கல்லறை எங்கே என்று கடைக்கே வந்து கேட்டார்கள். நான் விழிக்க முடியுமா? பின்தெருத் தேவாலயத்தில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு கல்லைக் காட்டினேன். இப்போது அங்கே பூ இல்லாத நாள் இல்லை. ஒருநாள் நானும் வைத்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் தேம்பிக்கொண்டிருந்தார், சும்மா நிற்க முடியவில்லை.

பிறகுதான் உன் கடிதம் வந்தது. புத்தகம் உங்கள் ஊருக்கும் வந்துவிட்டதையும், யாருடையது என்று தெரியாமலே அப்பா அந்த முன்னுரையைச் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்ததையும், பாதியில் குரல் உடைந்து கண்ணாடியைக் கழற்றியதையும், அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுததையும், நீ வேகவைத்த கிழங்குத் தட்டோடு பின்னால் நின்றதையும் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரே வரி: "மாமா, நான் எதுல செத்தேன்னு என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நீ திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது அளந்திருப்பேன்.

கடிதத்தோடு உன் இரண்டாவது கதையும் வந்தது. இரண்டு நாளில் படித்து முடித்தேன். இங்கே என் வழக்கப்படி பெரிதாக ஏதாவது எழுதலாம். எழுதவில்லை. முதல் கதை நன்றாக இருந்தது. இது அதைவிட நன்றாக இருக்கிறது.

நேராகக் கிரிம்ஷாவிடம் போனேன். செத்தவள் இரண்டாவது புத்தகம் எழுத மாட்டாள், கொண்டுவந்தால் போலி என்று பத்திரிகைக்காரர்கள் தோலை உரித்துவிடுவார்கள் என்றார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவள் சாகவில்லை, என் அக்கா மகள்தான், ஷ்ராப்ஷரில் கோழி வளர்த்துக்கொண்டு உயிரோடு இருக்கிறாள் என்றேன். மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையோடு என்னைக் காபிக் கடைக்கு இழுத்துப்போய், இன்னொரு தடவை எல்லோருக்கும் சொல்லு என்றார். சொன்னேன். என்னிடம் இருந்த உண்மை அத்தனையும் சொன்னேன். மேஜையைத் தட்டித் தட்டி ரசித்தார்கள். கடைக்காரி மிசஸ் டட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "யோவ் பார்னபி, நீ விட்ட கதையிலேயே இதுதான்யா உச்சம். அந்தக் கோழியை எங்கேருந்துய்யா புடிச்சே?" என்றாள்.

முப்பது வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

வெளியே வரும்போது கிரிம்ஷா என் தோளில் கை போட்டார். "இத நீயே எழுதினதா சொல்லிடு. உன் பேரைப் போட்டு நாளைக்கே அச்சுக்கோர்க்கச் சொல்றேன்" என்றார். கையெழுத்துப் போட ஒப்பந்தத் தாளும் நீட்டினார். பொய் சொல்ல மாட்டேன், டாமரிஸ், அதாவது உன்னிடம்: அந்தத் தாளை ஒரு நாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பெயர் எப்படி விழும் என்று கெட்டி எழுத்தில் எழுதிப் பார்த்தேன். பார்னபி கோல். நன்றாகத்தான் விழுந்தது. நான் எழுத்தாளன் ஆகப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, மிசஸ் டட்டில் கணப்பு நெருப்போரத்து நாற்காலியை எனக்காகத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். சுகமாக இல்லை.

இன்று காலை தாளை நெருப்பில் போட்டுவிட்டேன். உன் இரண்டாவது கதையை என் நல்ல அங்கியில் சுற்றி இந்தக் கடிதத்தோடு சரக்கு வண்டிக்காரரிடம் கொடுக்கிறேன். அங்கி உனக்குத்தான், எனக்குச் சிறியதாகிவிட்டது.

இனி நீதான் வர வேண்டும். முதல் கதையின் கைப்பிரதி, அச்சுக்கோர்த்தவர்களின் மை படிந்த விரல் தடத்தோடு என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. கிரிம்ஷா முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் காட்டு. இரண்டும் ஒரே கையெழுத்து என்று பார்த்ததும், உன் கை சொல்வதை நம்புவார். நீ உயிரோடு இருப்பதை நான் சொல்லிப் பயனில்லை, நீ நடந்து வந்து நிற்க வேண்டும்.

அதற்கு அப்பாவிடம் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் நீ பெயரை மறைத்தாய், நான் அதற்கு மேலே மண்ணையே போட்டுவிட்டேன். ஆனால் கேள். யாரோ ஒரு பெண்ணுக்காகக் கண்ணாடியைக் கழற்றின மனுஷன் அவர். சாப்பாட்டு நேரமாகப் பார்த்துச் சொல். அப்பா, அந்தப் பெண் சாகவில்லை, கிழங்குத் தட்டோடு உங்கள் பின்னால்தான் நிற்கிறாள் என்று சொல். அவர் கோபப்படுவார். கோபப்படுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் உன்னைப் பார்ப்பார். அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்தோறும் உங்கள் பக்கத்துக் கோச்சு வண்டி வந்து நிற்கிற சத்திரத்து முற்றத்தில், இந்தக் கடிதம் உன்னிடம் சேரவே எட்டு நாள் ஆகும் என்றாலும், வருகிற செவ்வாயிலிருந்தே நான் நிற்பேன். யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், டாமரிஸ். கடிதத்தின் அடியில் எல்லோரும் எழுதுவதுதான். உன்னை ஒருமுறை சாகடித்தவன் நான், அதனால் இரண்டு தடவை எழுதுகிறேன்: நூறு வயது.

உன் மாமா,
பார்னபி கோல்.