இடது கை மேலே வந்த செய்தி

அருப்புக்கோட்டை
19.2.95

அன்பு மகள் காளீஸ்வரிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க நம் குலதெய்வம் சௌடாம்பிகை துணை. சும்மா சௌக்கியம் என்று எழுதாதே அம்மா, உள்ளதை எழுது என்று போன கடிதத்தில் கோபித்துக்கொண்டாய், அதனால் இந்தத் தடவை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி. அம்மாவுக்கு இடது கை தூக்க வரவில்லை, பிரசவத்தை நான் இங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்று நீ எழுதியதைப் படித்து நான் அழுதது நிஜம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வராவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அழவில்லை, நீ எழுதியது உண்மையாகிவிடுமோ என்றுதான் அழுதேன்.

கார்த்திகையில் மதுரையில் இடது தோளுக்குக் கீழே நெஞ்சுத் துடிப்புக்கு மெஷின் வைத்து அனுப்பும்போது டாக்டர் சொன்னது, ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்காதீர்கள், கனம் தூக்காதீர்கள், அவ்வளவுதான். உன் அப்பாவுக்கு அது போதவில்லை. கையை அசைத்தால்தானே தூக்குவாய் என்று தறியில் மிச்சம் விழுந்த துணியை மடித்துக் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார். சமையல் அவர், எனக்குத் தலை பின்னியதும் அவர். அறுந்த பாவு நூலைக் கண்ணை மூடிக்கொண்டு முடிகிற மனுசனுக்குப் பின்னல் ஒரு வேலையா, ஆனால் பாவை இழுத்துக் கட்டுகிற மாதிரியே இழுத்துக் கட்டுவார், புருவம் இரண்டும் மேலே ஏறி நாள் முழுக்க எதையோ பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரியே இருந்தேன். பார்க்க வந்தவர்களும் சும்மா இல்லை. பக்கத்து வீட்டுச் சோலை, மதினி கரண்டு போச்சுன்னா ஒங்க மெஷினும் நின்னுபோகுமா என்று கேட்டாள். உள்ளேயே பேட்டரி இருக்கிறது என்றேன், அப்ப எங்க வீட்டு டார்ச் லைட்டுக்கு இது தேவலை என்று நிம்மதியாகப் போனாள்.

பொங்கல் கழிந்தும் கட்டு அவிழவில்லை. தையல் ஆறிவிட்டது, வலி மட்டும் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஜாக்கெட்டில் கை நுழையாது, இடது பக்கம் ஒருக்களிக்க முடியாது. மெஷின் இடம் மாறிவிட்டது, இனி அவ்வளவுதான் என்று எனக்குள்ளேயே முடிவு செய்துகொண்டு உனக்குச் சௌக்கியம் என்று எழுதினேன், அது என் தப்பு, அப்பா எழுதித்தான் உனக்கு விஷயம் தெரிந்தது. மறுவாரம் மதுரைக்குப் போனோம். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, மெஷின் நல்லா ஓடுதும்மா, கையைத்தான் கட்டிப்போட்டு இறுக வச்சிருக்கீங்க, யாரு கட்டச் சொன்னா என்று கேட்டார். உன் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினார்! எனக்கு வந்த சிரிப்பில் தையல் போட்ட இடம் இழுத்தது. திரும்பும் பஸ்ஸில் காரியாபட்டி வரைக்கும் அவர் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டேன் புள்ள என்றார். முப்பது வருசத்தில் அவர் பயந்தேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கையைக் கட்டிப்போட்டதற்கு எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

டாக்டர் சொல்லிக்கொடுத்தது சுவரில் விரலை நடக்க விடுகிற பயிற்சி. விரல் எட்டின இடத்தில் அப்பா தினமும் கரியால் ஒரு கோடு போடுவார். முதல் வாரம் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், போதும் என்பேன், இன்னும் ரெண்டு விரக்கடை என்பார். மத்தியானம் ராட்டையில் உட்கார்ந்து தறிக்கு வேண்டிய ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவேன், வலது கை சக்கரத்தைச் சுற்ற இடது கை நூலைப் பிடித்து முன்னும் பின்னும் போகுமில்லையா, அதில் தோள் தன்னால் இளகியது. மூன்றாவது வாரம் கோடு நெற்றிக்கு நேரே வந்தது. நேற்று உன் கல்யாணப் போட்டோவின் சட்டத்தைத் தொட்டேன். பின்னலும் இப்போது நானேதான், அவருக்குத்தான் வேலை போன வருத்தம்.

இருந்தாலும் சுவரைத் தொடுவது வேறு, பிள்ளையைத் தொடுவது வேறு, அந்தப் பயம் எனக்குள் இருந்தது. இன்று காலையில் எதிர்வீட்டுச் சண்முகவடிவு தன் இரண்டு மாதக் குழந்தையோடு வந்து, குளிப்பாட்டுற சித்தி திருச்சுழிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாக, அக்கா நீங்க ஊத்தி விடுறீகளா என்று கேட்டாள். அப்பா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தடவினேன், திருப்பிப் போட்டு இடது கையில் தலையைத் தாங்கித் தண்ணீர் ஊற்றினேன். அப்பா துண்டை விரித்துக்கொண்டு, பாத்து பாத்து என்று நம் வீட்டுக் கன்னடத்தில் முணுமுணுத்தபடி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். துடைத்துச் சாம்பிராணி காட்டி, பழக்கதோசத்தில் இடது தோளில் சாய்த்துவிட்டேன். மெஷின் இருக்கிற மேட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை அப்படியே தூங்கிப் போனது. வலிக்கிறதா என்று அப்பா கேட்டார். வலிக்கவில்லை காளி, சத்தியமாக வலிக்கவில்லை. உன் பிள்ளைக்குப் படுக்க இடம் தயார், வந்துவிடு.

இரும்பு மாத்திரையை மறக்காதே, படியில் வேகமாக இறங்காதே, மாப்பிள்ளை அரவிந்த்குமாருக்கு எங்கள் ஆசீர்வாதம் சொல். ஏழாம் மாதம் முடிவதற்குள் ரயில் ஏற வேண்டும், லேடி டாக்டரைக் கேட்டு எந்தத் தேதி என்று மறுதபாலில் எழுது. கூட்டிவர அப்பா வருவார், இப்போதே பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறார்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா லிங்கம்மாள்