முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தது

நிலவின் தென்துருவக் குழி முகாம். குரல் பதிவு. பேசுவது பிலோமினா, மின்பொறியாளர். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் கேட்கலாம்.

நாள் 41, 09:10
வழக்கமான சோதனை. முகாம் தலைவர் கோமதிநாயகம் அண்ணாச்சி பாறை மாதிரி எடுக்க முந்நூறு மீட்டர் குழிக்குள் இறங்கியிருக்கிறார். மேலே நான் மட்டும். மின்பெட்டியின் விசிறி நேற்றே நின்றுவிட்டது. மாற்று இல்லை. பெட்டிக்குள் 61 டிகிரி.

10:25
அவரைத் தூக்கும் லிஃப்ட் 22 ஆம்பியர் இழுக்கிறது. மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கரில் 32 என்று எழுதியிருக்கிறது. ஆனாலும் எட்டாவது நிமிடத்தில் டிரிப் ஆகிவிட்டது. லிஃப்ட் நடுவழியில் நிற்கிறது. சூடு ஆறினால்தான் மறுபடி போட முடியும்.

10:31
பிரேக்கர் பழுதில்லை. தப்பு என்னுடையது. அந்த 32, முப்பது டிகிரியில் தனியாக நிற்கும் பிரேக்கருக்கு. நான் ஆறு பிரேக்கர்களை ஒட்டி ஒட்டி அடுக்கினேன். இங்கே ஈர்ப்பு குறைவு; சூடான காற்று சீக்கிரம் மேலே எழும்பாது. எல்லாம் கழித்துப் பார்த்தால் 20 ஆம்பியர்தான் தாங்கும். எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான்.

10:34
அவரிடம் காற்று 38 நிமிடம். மேலே வர இன்னும் 30 நிமிடம் லிஃப்ட் ஓட வேண்டும்.
வானொலியில் அவர்: "பிரேக்கர் மேல ஒரு கம்பிய வச்சுக் கட்டிரு பிலோமி. நா வந்துருவேன்."
நான்: "கேபிள் நுரைச் சுவருக்குள்ள கெடக்கு அண்ணாச்சி. அதுவும் இவ்வளவு தாங்காது. பிரேக்கர் விழுறதாலதான் அது எரியாம இருக்கு."

10:38
மற்ற ஐந்து பிரேக்கர்களையும் அணைத்தேன், காற்று இயந்திரம் உட்பட. பெட்டியின் மூடியைக் கழற்றி அதையே விசிறியாக வீசுகிறேன். 52 டிகிரி. லிஃப்ட் ஓடுகிறது.

10:52
ஓடுகிறது. 49. தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. கை மாற்றி வீசுகிறேன்.

11:01
பிரேக்கர் மறுபடி விழுந்துவிட்டது. கை மரத்துப்போய் ஒரு நிமிடம் நிறுத்தினேன். ஒரே நிமிடம். இன்னும் ஏழு நிமிட ஓட்டம் பாக்கி. அவரிடம் காற்று பதினொன்று. ஆறுவதற்கே பத்து வேண்டும்.
அவர்: "கம்பி வேண்டாம் பிலோமி. நீயாவது இரு."

11:02
கட்டிவிட்டேன்.

11:09
மேலே வந்துவிட்டார். அவரிடம் காற்று மூன்று நிமிடம். சுவருக்குள்ளிருந்து புகை. மெயினை அணைத்தேன். அணைத்தும் நுரை எரிகிறது. சுவரில் கை வைக்க முடியவில்லை.

11:10
மின்சாரமில்லாமல் வெளிக்கதவைக் கையால்தான் சுழற்றித் திறக்க வேண்டும். இருபது சுற்று. அவர் பக்கம்தான் கைப்பிடி. சுற்றச் சுற்ற எண்ணுகிறார். பேட்டரி வானொலியில் கேட்கிறது. நானும் கூடவே எண்ணுகிறேன்.

11:12
புகை. கண் தெரியவில்லை. பதினாறு. மெதுவாகச் சொல்கிறார். பதினேழு.
பதினெட்டு நான் சொன்னேன்.
நான் மட்டும்தான் சொன்னேன்.