நீல நூல் சுற்றிய மோதிரம்

ஜூன் 8, 2025, ஞாயிறு

இன்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சேவுகம்பட்டிக்காரர்கள். மாப்பிள்ளை பெயர் பாண்டியராஜ். தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. நான் திண்டுக்கல்லில் விதைக்கடையில் பில் போடுகிறவள். ஆக இரண்டு பேர் பிழைப்பும் அடுத்தவர் தோட்டத்தை நம்பித்தான்.

அவருக்கு அப்பா இல்லை. அம்மா சண்முகவள்ளி. கூட வந்தவர்கள் எல்லாம் நாற்காலியில் உட்கார, அவர் மட்டும் சுவரோரம் பாயில் உட்கார்ந்தார். காபித் தட்டை நீட்டினேன். "நீ குடிச்சியா தாயி?" என்றார். இதற்கு முன் நான்கு வீட்டுக்குக் காபி நீட்டியிருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை. மாப்பிள்ளையைப் பிடிப்பதற்கு முன்பே எனக்கு இந்த அத்தையைப் பிடித்துவிட்டது. இதை வெளியே சொன்னால் அக்கா சிரிப்பாள்.

கை நனைத்தார்கள். சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்ட கை காயவில்லை, அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"மூத்தவளுக்கு நிச்சயத்துல ஒண்ணேகால் பவுன் மோதிரம் போட்டாக. எளையவளுக்கு ஒரு பவுனாச்சும் போடணும்ல. நாளைக்கு ஊரு கேக்கும்."

அப்பா இருமினார். அப்பாவுக்கு அதற்கு மேல் எதிர்ப்பு தெரிவிக்க வராது. பாண்டியராஜ் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அத்தை, "போட்டுருவோம்" என்றுவிட்டார்.

ஊர் என்றைக்கு வந்து கேட்டது? கேட்கிற ஊர் எங்கள் அடுப்படியில்தான் இருக்கிறது.

ஜூன் 10

"சாப்டீங்களா" என்று மெசேஜ். அவர்தான். சாப்பிட்டுவிட்டேன் என்று அனுப்பக் கால்மணி நேரம் யோசித்தேன். பைத்தியம்.

ஜூன் 24, செவ்வாய்

தினமும் பேசுகிறோம். அவர் பாலிடெக்னிக் படிக்கும்போது அவருடைய அப்பா கிணற்று மோட்டாரில் கரண்ட் அடித்துப் போய்விட்டாராம். அத்தை பூப்பறிக்கப் போய்த்தான் இவரைப் படிக்க வைத்திருக்கிறார்.

"மோதிரத்தை அரைப் பவுனா ஆக்கிக்கலாம்னு எங்கம்மாட்ட நான் பேசவா?" என்று கேட்டேன்.

"வேணாம். எங்கம்மா வாக்குக் குடுத்துருச்சு."

நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஏன் வற்புறுத்தவில்லை? உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசைதான். அக்கா அந்த மோதிரக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பேசுவதை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

ஜூலை 27

ஆடி. கடையில் கூட்டம் இல்லை. விதைக்கு வேண்டுமானால் ஆடிப்பட்டம், எங்களுக்கு மழை வந்தால்தான் பட்டம். நானும் கூட வேலை பார்க்கிற ஷப்னமும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கதை பேசினோம். அவளுக்கும் இந்த வருடம்தான் கல்யாணம்.

நிச்சய மோதிரம் மூன்று மாதச் சம்பளத்தில் எடுக்க வேண்டும் என்று போனில் ஒரு வீடியோவில் யாரோ பேசினாராம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். எங்கள் மூன்று மாதச் சம்பளத்தில் அரைப் பவுன் வாங்கலாம். வீட்டுக்கு நடந்துதான் வரவேண்டும்.

அவளுக்கு அரைப் பவுன்தான் போடுகிறார்களாம். மாப்பிள்ளை அயாஸுக்கு வெள்ளி. அவர்களில் ஆண்கள் தங்கம் போடக்கூடாது. "எங்க அத்தாவுக்கு அம்புட்டு நிம்மதி" என்று அப்பாவைச் சொல்லிச் சிரித்தாள். "அதுக்கு மேல வெரல்ல என்னடி இருக்கு?"

ஆனால் ஒரு பவுன் என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்துவிட்டது. பவுன் எழுபத்தைந்தாயிரத்தை ஒட்டியே நிற்கிறது.

மோதிர அளவு கேட்டுச் சேவுகம்பட்டியிலிருந்து ஆள் வந்தது. என்னைக் கடைக்கு அனுப்புவதை விட்டுவிட்டு, அக்காவின் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தனுப்பினாள் அம்மா. அளவு தெரியட்டும் என்றாள். எடை தெரியட்டும் என்பதுதான் விஷயம். அக்கா விரல் தடிமன், எனக்குத் தொளதொள என்று இருக்கும் என்றேன். "நூல சுத்திக்க" என்றாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நிச்சயம் முடிந்தது.

மோதிரம் தொளதொள என்றுதான் இருந்தது. கல் இல்லை, பூ வேலை இல்லை, வழுவழுவென்று பழைய மாதிரி. கடைத் தங்கத்தைவிட ஒரு சொட்டுச் சிவப்பு. அக்கா உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "பவுனு இருக்கும்மா" என்று தீர்ப்புச் சொன்னாள். அம்மா முகத்தில் என்ன ஒரு நிறைவு.

தட்டு மாற்றும்போது அத்தை முன்னால் வரவில்லை. அவருடைய தம்பி மனைவிதான் மாற்றினார். தாலி இல்லாதவர் வரக்கூடாதாம். மண்டபத்துத் தூண் பக்கம் நின்றுகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை அல்ல, கையை. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். சிரித்தார். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 30

விதைப்பை தைக்கிற நீல நூலை மோதிரத்தின் உள்பக்கம் நெருக்கமாகச் சுற்றினேன். இப்போது கச்சிதம். ஷப்னம், "நீலக்கல் வச்ச மோதிரம் கேள்விப்பட்டிருக்கேன், நீல நூல் வச்சது இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று ராத்திரி போனில் பேசினோம்.

மோதிரம் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று சும்மா கேட்டேன். முதலில் மழுப்பினார், அப்புறம் சொன்னார்.

"அது எங்கம்மா தாலி, தீபா."

அவருடைய அப்பா கட்டிய தாலி. பொட்டும் குண்டும் காசுமாக மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாராம். எவ்வளவு கஷ்டத்திலும் அடகுக் கடைப் பக்கம் கொண்டுபோகாதது. இவர் வேண்டாம் என்றிருக்கிறார், வாக்கைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அத்தை கேட்கவில்லை. ஆசாரியிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்து, உருகி முடிகிற வரை பக்கத்திலேயே நின்றாராம்.

"சும்மாதான கெடக்கு. மருமக கையில கெடந்தா நான் தெனமும் பாப்பேன்ல, அப்டின்னுச்சு. யாருட்டயும் சொல்லிறாத."

போனை வைத்துவிட்டு அழுதேன். மோதிரத்தை எத்தனை தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்று தெரியாது. ஒரு பவுன் கேட்ட வீட்டில் பிறந்ததற்கு வெட்கமாக இருக்கிறது. அந்த ஒரு பவுனுக்குப் பெருமைப்பட்டதற்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். சொல்லிவிட்டேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். என் மாமியார் எப்பேர்ப்பட்டவர் பார் என்று சொன்னேன். ஒண்ணேகால் பவுன்காரியிடம் ஒரு தடவை ஜெயிக்க வேண்டும் என்றும் இருந்திருக்கும்.

மோதிரத்தைப் பார்க்கப் பிடித்திருந்த என் கையை அக்கா விட்டுவிட்டாள். "அறுத்த தாலிடி அது" என்றாள்.

செப்டம்பர் 15

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று பேப்பரில் மடித்து மோட்டார் ரூமில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

மோட்டார் ரூமில். அந்தத் தாலியைக் கட்டிய மனுசன் செத்ததே மோட்டார் ரூமில்தான். அம்மாவுக்கு அது ஞாபகம் இல்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

செப்டம்பர் 16

அப்பா சொல்லிப் பார்த்தார். "உருக்கியாச்சு. நெருப்புல போனது. இனி அது தங்கம், அம்புட்டுத்தான்."

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டாள். "என் தங்கச்சிக்கு வெள்ளச் சேல குடுத்தப்ப வயசு இருபத்தாறு. நாந்தான் கையப் புடிச்சு வளையல ஒடச்சேன். நீங்க யாரும் பாக்கல" என்றாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மாவைத் திட்டி ஒரு பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அவளுக்கு நிஜமாகவே பயம்.

ஆனால் அடுத்துச் செய்ததை மன்னிக்க மாட்டேன். நேராக அத்தைக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டாள். ஸ்பீக்கரில். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஆமா மதினி" என்றார் அத்தை. "நெருப்புல போட்டா எல்லாம் போயிரும்னு நெனச்சேன். எனக்கு இதெல்லாம் எடுத்துச் சொல்ல ஆளில்ல. தப்புன்னா மன்னிச்சுக்கங்க."

அவர் போய் மன்னிப்பு கேட்கிறார். எங்களிடம்.

செப்டம்பர் 18, வியாழன்

பாண்டியராஜ் பேசினார். என் அம்மா அவர்களுக்குச் சொல்லி அனுப்பியது இதுதான்: வேறு தங்கத்தில் வேறு மோதிரம், அரைப் பவுன் என்றாலும் சரி, கல்யாணம் நடக்கட்டும். இப்போது அரைப் பவுன் போதுமாம்.

"வாங்கிரலாம் தீபா. மோதிரம் பெரிய விசயமில்ல. ஆனா எங்கம்மாட்ட என்ன காரணம் சொல்லி அத திருப்பிக் குடுக்கச் சொல்ற?"

"எங்கம்மாவுக்குப் பயமா இருக்குங்க."

"ஒனக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. வேறு மோதிரம் வேண்டாம், அந்த மோதிரத்தைத்தான் போட்டுக்கொள்வேன் என்று சொல்லியிருந்தால் அவர் அந்த நிமிசமே வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருப்பார். ஆனால் அவர் கேட்ட நேரத்தில், அம்மா சொன்ன இருபத்தாறு வயதும் உடைந்த வளையலும் என் கண்ணுக்குள் இருந்தன. எனக்கும் இருபத்தாறுதான்.

நான் பேசவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு, "சரி, வச்சிர்றேன்" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருக்கலாமே.

செப்டம்பர் 21

இரண்டு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை போட எனக்குத் தைரியம் இல்லை. எடுத்தால் என்ன சொல்வேன்? பயம் போய்விட்டது என்றா? போய்விட்டதா?

அக்டோபர் 5, ஞாயிறு

இனி சரிவராது என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள். அப்பா மோதிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நாங்கள் பாண்டியராஜுக்குப் போட்ட மோதிரம் அதே டப்பாவில் திரும்பி வந்தது. அப்பா சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. அந்தம்மா சாப்டுட்டுப் போங்கண்ணேன்னு எல போட்டுச்சு."

"சாப்டீங்களா?"

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். முறிந்துபோன சம்பந்தத்தில் யாராவது கை நனைப்பார்களா? சாப்பிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 20

தீபாவளி. புதுச்சேலையைக் கட்டவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

நவம்பர் 23

ஷப்னம் கல்யாணம். அயாஸ் விரலில் வெள்ளி மோதிரம், அவள் விரலில் அரைப் பவுன். பிரியாணி நன்றாக இருந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டபோது மட்டும் கொஞ்சம் தடுமாறிவிட்டேன்.

டிசம்பர் 17

பவுன் லட்சத்தைத் தொட்டுவிட்டதாம். ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. அம்மா இந்தத் தடவை மோதிரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர்களாகவே ஒன்றரைப் பவுன் என்றார்களாம். புதுத் தங்கம்தானே என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

என்னையும் கேட்டார்கள். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஜனவரி 30, 2026, வெள்ளி

நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளை நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார். மோதிரம் சரியாக இருக்கிறது. கடையில் என் விரலை அளந்தே செய்தார்கள்.

பிப்ரவரி 19, வியாழன்

அத்தை கடைக்கு வந்தார்.

நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். "செண்டுமல்லி வெத இருக்கா தாயி?" என்று குரல். நிமிர்ந்தால் அவர். நான் அங்கே வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வந்தாரா, மறந்து வந்தாரா என்று இன்னும் புரியவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தார்.

விதை எடுத்து வைத்தேன். பையைக் கீழே வைக்கக் குனிந்தார். கழுத்திலிருந்து ஒரு கறுப்புக் கயிறு சேலைக்கு வெளியே வந்து விழுந்தது. அதில் மோதிரம் கோத்திருந்தது. என் மோதிரம். நான் சுற்றிய நீல நூல் அப்படியே இருந்தது. யாரும் அதைப் பிரிக்கவில்லை.

அவர் அவசரமாக எடுத்து உள்ளே போட்டுக்கொண்டார். "வெரல்ல ஏறல. பூப் பறிச்ச கை" என்றார். தப்பு செய்து பிடிபட்ட மாதிரி சிரித்தார்.

தாலி கிடந்த இடம் அது. அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஒனக்கு முடிவாயிருச்சாமே. எப்ப?"

"வைகாசியில, அத்தை."

அத்தை என்றுதான் வந்தது வாயில். அவர் என் கையில் இருந்த புது மோதிரத்தைப் பார்த்தார். "நல்லாருக்கு" என்று பார்க்கக் கை நீட்டினார். தொடப் போனவர், சட்டென்று கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். என்மேல் பட்டுவிடக் கூடாது என்று.

நான் எட்டிப் பிடித்திருக்கலாம். கல்லா மேஜை அகலம் எவ்வளவு, ஒரு முழம் இருக்குமா?

மீதிச் சில்லறையை மேஜைமேல் வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டு, "வாரேன் தாயி" என்று போனார்.