முழங்கால் வழக்கு

புரட்டாசி 5, வியாழன்

மேகம் கட்டியிருக்கிறது, மழை இல்லை. துணி காயவில்லை. புதன்கிழமை கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். சாயங்காலம் வக்கீல் வீட்டுக்குப் போய் வந்தேன். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள், இந்த வயதில் பாடம் ஒப்பிக்கிறேன்.

"எங்க வலிக்கு ஆச்சி?"

"ரெண்டு முழங்காலும்."

"மாடி ஏறுதீகளா?"

"முடியல. அதான் கீழ் வீட்டக் கேக்கேன்."

"அம்புட்டுதான். வாடகை பத்தி மூச்சு விடாதீக."

எனக்கு வாடகையைப் பற்றித்தான் பேச ஆசை. கீழ் வீட்டில் கண்டக்டர் சண்முகம், அவன் பெண்டாட்டி கோமதி, பிள்ளைகள். பதினாலு வருஷம். வந்த அன்று பேசிய வாடகைதான் இன்றும். வீட்டு வரி ஏறிவிட்டது, சுண்ணாம்பு ஏறிவிட்டது, கொத்தனார் கூலியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. சட்டம் வாடகையைக் கூட்டவும் விடாது, ஆளைக் கிளப்பவும் விடாது. வீட்டுக்காரிக்கே அந்த இடம் தேவை என்றால் மட்டும் ஒரு சின்ன சந்து. அந்தச் சந்துக்குள்தான் வக்கீல் என் முழங்காலை நுழைத்திருக்கிறார்.

ஒன்று எழுதி வைக்கிறேன். மனுப் போட்டபோது வலி நிஜம். அந்த மார்கழியில் உட்கார்ந்தால் எழ முடியாது. பிறகு வாய்தா, வாய்தா என்று இரண்டு வருஷம். வலி போய்விட்டது. வழக்கு போகவில்லை.

இப்போதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, நின்று நின்றுதான் மாடி ஏறுகிறேன். கீழே இருப்பவர்கள் பார்க்க வேண்டும் என்று.

புரட்டாசி 6, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது. விடிந்ததும் கீழே கோமதியின் இட்லி வாசனை. முன் அறையில் வைத்து விற்கிறாள். முதல் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எல்லாம் அவளிடம்தான் வாங்குகிறார்கள். சண்முகத்துக்குக் கண் மங்கி வேலையை விட்ட பிறகு அந்த இட்லியில்தான் குடும்பம் ஓடுகிறது. தெரியும். தெரிந்துதான் மனுப் போட்டேன்.

ஆனால் நான் மறக்கிற ஆள் இல்லை. நாலு வருஷம் முன்னால் ஐப்பசி. என் வீட்டுக்காரர் காரியம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வாடகை கொஞ்சம் கூட்டித் தரச்சொல்லிக் கேட்டேன். சண்முகம் வாசலில் நின்று, தெரு கேட்க, "கூட்டணும்னா கோர்ட்ல போயி வாங்கிக்கிடுங்க" என்றான். பச்சைச் சட்டை போட்டிருந்தான், மேல் பித்தான் இல்லை. கூட்டாமல் தந்தால் கை நீட்ட மாட்டேன் என்றேன். மறு மாதம் தபால்காரர் மாடி ஏறி வருகிறார். மணியார்டர். அனுப்பியது யார்? கீழ் வீட்டுச் சண்முகம்! பதினாறு படிக்கு ஒரு மணியார்டர்.

தபால்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்கிக்கிடுதீகளா ஆச்சி, இல்ல எறங்கும்போதே கீழ குடுத்துட்டுப் போயிரட்டா?" என்றார்.

திருப்பினேன். பிறகு வாடகையைக் கோர்ட்டில் கட்டினார்கள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

வாங்க வேண்டியது: துளசி மாலை, கற்பூரம், சர்க்கரை. நாளை சனிக்கிழமை.

புரட்டாசி 7, சனி

புத்தி கெட்ட வேலை செய்துவிட்டேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை ஊருக்கு வெளியே மலைப் பெருமாளைப் பார்க்காமல் நாற்பது வருஷத்தில் இருந்ததில்லை. வலி இருந்த வருஷம்கூட அடிவாரத்தில் நின்று கும்பிட்டேன். இன்று விடியுமுன் குளித்து, பஸ் ஏறி, கூட்டத்தோடு கோவிந்தா போட்டுக்கொண்டு அத்தனை படியும் ஏறினேன். ஓரிடத்தில் உட்காரவில்லை. பெருமாளிடம் என்ன கேட்டேன்? வழக்கு ஜெயிக்க வேண்டும் என்று. படி ஏற முடியாது என்கிற வழக்கு. அதற்குப் படி ஏறிப் போய் வேண்டியிருக்கிறேன். உறைக்கவே இல்லை.

இறங்கும்போது உறைத்தது. எதிரே கோமதி ஏறி வருகிறாள், கையில் தேங்காய்ப் பை. ஒதுங்க இடமில்லை.

"ஈரமாக் கெடக்கு அத்தை, பாத்து" என்று கையை நீட்டினாள்.

நாலு வருஷத்தில் முதல் பேச்சு. அவள் பார்வை என் காலுக்குப் போய், பின்னால் இருந்த படிகளுக்குப் போய், என் முகத்துக்கு வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பிடிக்காமலும் இறங்கியிருப்பேன்.

புரட்டாசி 8, ஞாயிறு

மகன் சீனி ராஜபாளையத்திலிருந்து வந்தான். மில்லில் அவனுக்கு இன்று லீவு. சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அங்கப்பிரதட்சணமும் பண்ணிட்டு வந்திருக்க வேண்டியதுதான? ஏம்மா அத மட்டும் விட்ட?"

வக்கீலிடம் ஓடிப் போய்க் கேட்டு வந்தான். மலையைப் பற்றிக் கேட்டால் டோலியில் போனதாகச் சொல்ல வேண்டுமாம்.

"என்னைய யாருலே தூக்குனா?"

"நான் தூக்குனேன்னு சொல்லு."

"நீ சாப்ட்ட தட்டையே தூக்க மாட்டியே."

சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. கீழ் வீட்டைக் கேட்டு ஒரு பைனான்ஸ் கம்பெனி காத்திருக்கிறது. அவர்கள் தரும் அட்வான்ஸில் பேத்தி கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று சீனி கணக்குப் போடுகிறான். "மூணு மாசம் பேருக்குக் கீழ இரும்மா. பொறவு மேல போயிரு."

கீழே சத்தமே இல்லை. இந்நேரம் கோமதி சொல்லியிருப்பாள்.

புரட்டாசி 9, 10

வயிறு சரியில்லை. கஞ்சி. மாடியை விட்டு இறங்கவில்லை.

புரட்டாசி 11, புதன்

கோர்ட்டு வராண்டாவில் இரண்டு மணி நேரம். பக்கத்தில் ராஜபாளையத்துப் பெரியவர் ஒருவர். பஜாரில் கடை வைத்திருக்கிறார், அதாவது வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"என் கடைய அவன் இன்னொருத்தனுக்கு விட்டு, எனக்குத் தாரதப்போல பத்து மடங்கு வாங்குதான் ஆச்சி. கடை எதுக்கு வேணும்னு ஜட்ஜ் கேட்டாரு. இந்த வாடகை கட்டுபடியாகல, வேற ஆளுக்கு விடணும்னேன். உள்ளதத்தான் சொன்னேன். தள்ளிட்டாக."

"இப்ப எதுக்கு வந்திருக்கீக?"

"அப்பீலுக்கு. இந்தத் தடவ என் பையன் சைக்கிள் கடை வைக்கப் போறான். அவனுக்கு பஞ்சர் ஒட்டத் தெரியாது. படிச்சுக்கிடுவான்."

கூப்பிட்டார்கள். கூண்டில் பாடத்தை ஒப்பித்தேன். அவர்கள் வக்கீல் எழுந்து, "மாடிப்படி ஏறவே மாட்டீங்களா?" என்றார். கஷ்டப்பட்டு ஏறுவேன் என்றேன். "வேற எங்கயாவது ஏறுவீங்களா?" கோமதியைப் பார்த்தேன். மடியில் பையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். "இல்ல" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். மலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குத் தெரியாது.

பிறகு கோமதி ஏறினாள். அந்தம்மா நல்லா நடக்கிறதப் பாத்திருக்கீங்களா என்று அதே வக்கீல் கேட்டார். "வீட்ல சொவத்தப் பிடிச்சுத்தான் ஏறுவாக" என்றாள்.

அது நிஜம். பிடித்துத்தான் ஏறினேன்.

சாயங்காலம் கீழே சண்டை. படிக்கட்டில் நின்று கேட்டேன்.

"இத இப்ப வந்து சொல்லுதியே! காலைல சொல்லியிருந்தா இன்னைக்கே கேசு முடிஞ்சிருக்கும். வாயில என்ன வச்சிருந்த?" சண்முகம்.

"சாமி கும்பிடப் போன எடத்துல பாத்தத கோர்ட்டுல வந்து சொல்லவா? உளவு பாக்கவா மலைக்குப் போனேன்?"

"அவ பொய்ச் சத்தியம் பண்ணலாம், நீ உள்ளதச் சொல்லக்கூடாதோ?"

"அது அவிய பாடு."

சாப்பிடவில்லை.

ஐப்பசி 9, புதன்

நல்ல மழை. தீர்ப்பு எனக்கு. மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். சீனி அல்வா வாங்கி வந்தான். வக்கீலைத் தனியாகப் பிடித்து, உண்மையை இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். "உங்களத்தான் ஆச்சி உள்ள வைப்பாக" என்று சிரித்தார். அல்வாவைத் தொடவில்லை. எறும்பு வந்துவிட்டது.

ராஜபாளையத்துப் பெரியவர் உண்மையைச் சொல்லித் தோற்றார். சட்டம் கோணல்தான், அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் சட்டமா கோமதி முகத்தைப் பார்த்து "இல்ல" என்றது?

ஐப்பசி 15, செவ்வாய்

பைனான்ஸ் ஆள் டேப்போடு வந்து, அவள் இட்லி விற்றுக்கொண்டிருக்கும்போதே முன் அறையை அளந்துவிட்டுப் போனான். அவள் அடுப்பைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தாளாம்.

சண்முகத்தின் மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன். மணியார்டர், பச்சைச் சட்டை, எல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. கோபம் மட்டும் வரவில்லை.

ஐப்பசி 17, வியாழன்

மழை விட்டது. சண்முகம் வெளியே போனதும் இறங்கினேன். கோமதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"ஏட்டி, நீங்க போக வேண்டாம். சீனிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். பழைய வாடகைதான். இருங்க."

"எதுக்கு?"

"நீ கோர்ட்ல சொல்லலியே."

"அதுக்குக் கூலியா?"

அவள் தண்ணீரை வடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"செட்டியார்பட்டியில வீடு பாத்தாச்சு அத்தை. அங்க யாவாரம் ஓடுமோ என்னமோ. ஆனா இங்க இருந்தா, நீங்க படி ஏறுற சத்தம் தெனமும் கேக்கும். பிள்ளைகள வச்சுக்கிட்டு அன்னைக்குப் பேசாம இருந்துட்டமேன்னு தெனமும் தோணும். என்னால ஏலாது. நாங்க போறோம்."

திரும்பினேன். அவள் கதவைச் சாத்தவில்லை. சத்தம் வராமல் ஏறப் பார்த்தேன். வந்தது.