எந்தக் கை முதலில்

சாரல் தொடங்கிவிட்டது. குடையைத் தேடி பீரோவின் மேல்தட்டில் கையை விட்டபோது உன் மாவுப் பை சரிந்து என் தலையில் விழுந்தது. சுருக்குக் கயிறு அவிழ்ந்திருந்ததால் வெள்ளைப் பொடி முகமெல்லாம் கொட்டியது. அதன் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும் என் இரண்டு உள்ளங்கைகளும் வேர்த்துவிட்டன. பாறை இல்லை, உயரம் இல்லை, என் வீட்டுக்குள் சிமெண்ட் தரையில் நிற்கிறேன். ஆனாலும் வேர்த்தது. பாறை ஏறும்போது கை வேர்வையை உறிஞ்சத்தான் அந்த மாவு. எனக்கு மட்டும் அதைப் பார்த்தாலே வேர்க்கும் என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய்.

உனக்கு எழுதவேண்டும் என்று பல நாளாக நினைப்பு. தபால் ஆபீஸில் காலமெல்லாம் அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள், இதை எந்தப் பெட்டியில் போடுவதென்று தெரியாமல் எழுதுகிறேன். உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கிடக்கும்போது சொன்னேன். அதைத் திருத்தவேண்டும்.

நமக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தபோது உனக்கு ஐம்பத்தாறு, எனக்கு ஐம்பத்தேழு. பெங்களூரிலிருந்து லீவில் வந்த உன் மகன், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களைத் தாண்டி நிற்கும் மொட்டைப் பாறையைப் பார்த்துவிட்டு, கூட்டாளிகளோடு சேர்ந்து உச்சியில் இரண்டு இரும்பு வளையம் அடித்தான். வளையத்தில் கயிற்றைக் கோத்து இரண்டு முனையையும் கீழே போட்டால், ஒரு முனை ஏறுகிறவள் இடுப்பு பெல்ட்டில், மறுமுனை கீழே நிற்கிறவள் கையில். ஏறுகிறவள் வழுக்கினால் கீழே நிற்கிறவள் பிடித்துக்கொள்வாள். அவ்வளவுதான் விஷயம். அவன் கயிற்றை விட்டுவிட்டு ஊருக்குப் போனான். பி.டி. டீச்சரான உனக்குக் கை துறுதுறுத்தது. பிடிக்க ஆள் வேண்டுமே? உன் வீட்டுக்காரர் அண்ணாச்சி, "கட்டுன பொண்டாட்டியக் கயித்துல கட்டித் தொங்கவிட நான் வரலை" என்று வயலுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றினாலே தலை சுற்றும். மிஞ்சியவள் நான்.

பிடிக்க மட்டும்தான் வந்தேன். மூன்றாவது வாரம் என் இடுப்பிலும் பெல்ட்டை மாட்டிவிட்டாய். ஓர் ஆள் உயரம் ஏறியதுமே தையல் மிஷின் மிதிப்பதுபோல என் கால் ஆடத் தொடங்கியது.

"ஏட்டி, பயமா இருக்கு, இறக்கி விடு!"

"பயந்துக்கிட்டே ஏறு. யாரு வேண்டாம்னா?" என்றாய் கீழிருந்து.

அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற அக்கா வேறு, "டீச்சரம்மா, சாஸ்தா கோயிலுக்குப் பின்னாடி படி இருக்குல்லா, அங்கன ஏறினா ஆகாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

ஆனாலும் அடுத்த ஞாயிறும் வந்தேன், அதற்கடுத்த ஞாயிறும். வயசான உடம்பை எப்படிப் பழக்குவது என்று நீ ஒரு முறை வைத்திருந்தாய். அடுத்தடுத்து இரண்டு நாள் ஏறக்கூடாது. சதை சீக்கிரம் பலப்படும், விரல் நரம்புக்கு நாளாகும், அவசரப்பட்டால் போச்சு என்பாய். காலையில் வாசல் நிலையின் மேல்சட்டத்தைப் பிடித்துத் தொங்கவேண்டும். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். "கையால இழுக்காதட்டி, காலால நில்லு. இந்த வயசுல கையில என்ன இருக்கு நமக்கு?" என்பாய். நிலையில் தொங்கினால் மூன்று எண்ணுவதற்குள் விழுந்துகொண்டிருந்தவள், ஒரு வருஷத்தில் பன்னிரண்டுவரை எண்ணினேன். சர்க்கரை இறங்கியிருக்கிறதே, என்ன செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது நடக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். உண்மையைச் சொன்னால் வேறு டாக்டரிடம் அனுப்பியிருப்பார்.

உடம்பு தேறியது. பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கும் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். ஏறுவதற்கு முன்னால் விழவேண்டும். இரண்டு ஆள் உயரம் போய், வேண்டுமென்றே கையை விடவேண்டும். கயிறு கொஞ்சம் நீண்டு, ஒரு முழம் கீழே இழுத்து, நிறுத்தும். நீ பிடிப்பாய் என்று என் புத்திக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் "முடிச்சக் காட்டு" என்று சொல்லி, என் இடுப்பில் இருந்த முடிச்சை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பாய். அந்த அழுத்தத்துக்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வரும்.

முக்கால் உயரத்தில் பாறை வெளியே பிதுங்கி நிற்கும். அதற்குத் தொந்தி என்று பேர் வைத்தோம். அதன் அடியில் நின்றால் மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு கையை மேலே போட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிடியைத் துழாவவேண்டும். நான் போவேன், தொந்தியின் அடியில் பாறையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன், "இறக்கி விடு" என்பேன். நீயும் பலமுறை அங்கே வழுக்கித் தொங்கியிருக்கிறாய். ஐம்பத்தொன்பது வயதில், ஒரு தை மாதக் காலையில், தாண்டிவிட்டாய். உச்சியில் உட்கார்ந்து கழுத்தில் கிடந்த பள்ளிக்கூட விசிலை ஊது ஊதென்று ஊதினாய்.

"எந்தக் கைய முதல்ல மேல போட்டட்டி?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். நீயே கண்டுபிடி."

நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நீ தாண்டியதை நான் பார்க்கவே இல்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். உன் உயிர் என் கையில் இருந்த நேரத்தில் கண்ணை மூடியவள் நான். வெட்கத்தில் அதை உன்னிடம் சொல்லவில்லை.

சித்திரையில் உனக்கு ஈரலில் கட்டி என்றார்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி வருவேன். நான் உட்காருமுன்னே நீ கேட்பாய், "தொந்தி ஏறுனியாட்டி?" யார் பிடித்து நான் ஏற? அடுத்த வாரம் என்று சொல்லிச் சமாளிப்பேன். புரட்டாசியில் ஒரு மத்தியானம் நான் வந்தபோது அண்ணாச்சி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். உன் கை குச்சியாக இருந்தது. அந்தக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

"எனக்குப் பயமா இருக்குட்டி."

இத்தனை வருஷப் பழக்கத்தில் உன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. பயப்படுவது என் வேலை, திட்டி ஏற்றிவிடுவது உன் வேலை என்றுதானே இருந்தோம்? பாறையில் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை. நீ சொன்னதுபோல "பயந்துக்கிட்டே ஏறு" என்று உனக்கு நான் எப்படிச் சொல்வேன்? ஏதாவது கொடுக்கவேண்டும், கையில் ஒன்றுமில்லை.

"தொந்தி ஏறிட்டேன்ட்டி" என்றேன்.

உன் முகம் மலர்ந்தது. "யாரு பிடிச்சா?"

"உன் மகனோட கூட்டாளி ஒருத்தன் வந்திருந்தான்."

"எந்தக் கை முதல்ல?"

"இடது."

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, "நல்லதுட்டி" என்று கண்ணை மூடிக்கொண்டாய். மருந்து மயக்கம் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் நீ போனாய். அதன்பிறகு நான் பாறைப் பக்கம் தலைவைக்கவில்லை. ஆய்க்குடி முருகனைப் பார்க்கப் போனால்கூட, பஸ்ஸில் பாறை தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அண்ணாச்சியையும் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் பொய் வெளியே வந்துவிடும் என்று பயம். பங்குனியில் அவரே கயிற்றுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, ஞாயித்துக்கிழமை காலையில பாறைக்குப் போவமா? நான் பிடிக்கேன்."

"உங்களுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி?"

அவர் பையைத் திறந்தார். பிடிக்கிறவர் இடுப்பில் மாட்டும், கயிறு ஓடும் சின்னக் கருவியில் கயிற்றை மடித்துச் செருகி, ஜன்னல் கம்பியில் மறுமுனையைக் கட்டி, இழுத்துக் காட்டினார். வலது கை கயிற்றை விட்டு ஒரு நொடிகூட எடுபடவில்லை. நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பிடி.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"அவதான். ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பில கட்டிவச்சு. நர்சம்மா வந்து ஏசிட்டுப் போவா, இவ மறுபடி ஆரம்பிப்பா. நீங்க ஒரு நா வந்து தொந்தி ஏறிட்டேன்னு சொன்னீயள்லா, அன்னைக்குச் சாயங்காலமே கயித்தைக் கொண்டாங்கன்னுட்டா."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மீதியையும் சொன்னார்.

"'இவ பொய் சொல்லுதா. இடது கையில அது ஏறவே ஏறாது, கதவு தொறந்த மாதிரி ஆளை வெளிய தள்ளிரும். நான் ஏறும்போது கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நின்னா, அவளுக்கு எப்பிடித் தெரியும்? பாவம், பிடிக்க ஆளில்லாமத்தானே பொய் சொல்லுதா. நீங்க படிச்சுக்கிடுங்க'ன்னா."

அடுப்படிக்குப் போய்க் காப்பி போடுகிற சாக்கில் அழுதேன். நீ எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாய். உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தவள், கீழே நான் கண்ணை மூடியதைப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டும் ஏறியிருக்கிறாய்.

முதல் ஞாயிறு நான் தரையை விட்டு எழும்பவில்லை. இரண்டாவது ஞாயிறு அண்ணாச்சி, "முடிச்சக் காட்டுங்க தங்கச்சி" என்று சொல்லி இரண்டு விரலால் அழுத்தினார். அதையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். இரண்டு ஆள் உயரம் போனேன். விழவேண்டும். விரல் பாறையை விட மறுத்தது. கீழே நிற்கிறவர் உன் கயிற்றைப் பிடிக்க வரமாட்டேன் என்று வயலுக்குப் போன மனுஷன் என்பதே திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. நீங்கள் விட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்டேவிட்டேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு தங்கச்சி" என்றார். "நெஞ்சு கிடந்து அடிக்குது. ஆனா கை கயித்துலதான் இருக்கு."

தைரியமாக இருங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் இறங்கிப் போயிருப்பேன். கையை விட்டேன். நான் போட்ட கூச்சலில் ஆட்டுக்கார அக்கா ஓடிவந்துவிட்டாள். கயிறு நின்றது. அண்ணாச்சியை என் கனம் ஒரு சாண் மேலே தூக்கியிருந்தது. பாதி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, விடாமல் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு ஞாயிறு தவறவில்லை. சாரல் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு, மேற்கே குற்றாலத்து மலைமேல் மேகம் இறங்கி நின்றது. இனி பாறை நனைந்துவிடும், மாதக்கணக்கில் ஏற முடியாது. தொந்தியின் அடியில் போய் நின்றேன். கால் ஆடியது. எனக்கு அறுபத்தொரு வயது, பேரன் இருக்கிறான், இங்கே எனக்கு என்ன வேலை என்று நினைத்தேன். "இறக்கி விடுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. மூடினால் இந்த ஜென்மத்தில் முடியாது என்று தெரிந்தது.

மேலே துழாவிய கைக்கு முதலில் வெறும் வழவழப்புதான். பிறகு ஒரு குழி. விரல்முட்டிவரை உள்ளே போகும் அளவு. அதற்குள் கொஞ்சம் மணல். இத்தனை வருஷம் அது அங்கேயே இருந்திருக்கிறது. விரலை உள்ளே விட்டு, கை இழுக்குமுன் காலில் எழுந்தேன். பாறை என் நெஞ்சுக்குக் கீழே போனது.

உச்சியில் உட்கார்ந்ததும் பற்கள் கிட்டித்துக்கொண்டன. ஏறி முடித்த பிறகும் பயம் போகவில்லை, இன்னும் அதிகமானது. கீழே அண்ணாச்சி அண்ணாந்து நின்றார். முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் கேட்டார்.

"எந்தக் கை தங்கச்சி?"

மாவு அப்பிய கையை உயர்த்திக் காட்டினேன். அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைக்க ஒரு கை வேண்டியிருந்தது, கயிற்றிலிருந்து எடுக்கவில்லை. என்னைத் தரையில் இறக்கி, முடிச்சு அவிழ்ந்த பிறகுதான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அவதான் கேட்டுட்டு வரச் சொன்னா" என்றார்.

பையிலிருந்து கொட்டிய மாவைக் கூட்டி அள்ளி, மறுபடி பைக்குள் போட்டுச் சுருக்கைக் கட்டிவிட்டேன். பாறை காயப் புரட்டாசி ஆகும். அதுவரை வாசல் நிலையில் தொங்குகிறேன். அடுத்த தடவையும் கால் ஆடும், அதற்கடுத்த தடவையும் ஆடும், எனக்குத் தெரியும். அண்ணாச்சியிடம் கையைத்தான் காட்டினேன், உன்னிடம் வாயால் சொல்லவேண்டும். நான் இடது என்று சொன்னது பொய். வலது கைதான் ஏட்டி. கண்ணைத் திறந்துகொண்டு போட்டேன்.