கடைசிக் காடிச்சாடி

திரைகடல் காவலரும், செங்கழிநாடு ஆளும் கோவும், குடிகளின் துயரைத் தம் துயராய்க் கொள்பவருமான நன்மாறக்கோ அடிகளின் திருமுன்பு, வெண்துறைக் கலமருந்துச் சாலைத் தலைவி உமைநங்கை பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் களஞ்சியத்தில் நெல்லும் துறையில் பாய்மரமும் குறையாதிருக்க.

தங்கள் இளவல் கள்ளுண்டு மாண்ட துயரில், நாட்டில் புளிக்கும் சாடி ஒன்றுகூட இருக்கலாகாது என்று ஆணையிட்டீர்கள். அதைக் கேட்டு அடியேனும் அழுதேன். அந்த ஆணையை ஏந்திக் காவலதிகாரி எயினங்கோ இன்று உலக்கையோடு சாலைக்குள் புகுந்து, கள் முற்றிப் புளித்த நீராகிய காடி நிறைந்த எம் சாடிகளை உடைத்துவிட்டார். ஒன்றே எஞ்சியிருக்கிறது.

அடிகள் நினைவுகூர வேண்டும். குன்றில் வெட்டியெடுத்த துருசு என்னும் செம்புக் கல்லுப்பு தீர்ந்தபின், கப்பலின் அடிமரத்தைப் புழு துளைக்காமல் காக்க எம்மிடம் மருந்தில்லாமல் போயிற்று. உதிர்ந்த இலுப்பைப்பூவைப் புளிக்கவைத்து, அது கள்ளாகிப் பின் காடியாகும்வரை காத்திருந்து, அந்தக் காடியின் ஆவியில் செம்புத் தகடுகளைத் தொங்கவிட்டுப் பச்சைக் களிம்பு எடுக்கக் கற்றோம். குன்று கொடுத்து ஓய்ந்துவிட்டது; இலுப்பையோ ஆண்டுதோறும் உதிர்க்கிறது. நெல் கொண்டுவரப் புறப்படும் கலங்களுக்கு இந்தக் களிம்பைப் பூசியாக வேண்டும். பூசாமல் போன கலமொன்று எம் கண்ணெதிரே அடிப்பலகை விண்டு ஆட்களோடு மூழ்கிற்று.

இது கள்ளன்று, ஒரு துளி நாவில் வைத்தால் பல் கூசும் என்று எயினங்கோவிடம் மன்றாடினேன். புளித்த எதையும் நாவில் வைப்பதில்லை என்று தாம் அரசர்முன் சத்தியம் செய்திருப்பதாகவும், மணமே தமக்குப் போதுமென்றும் அவர் மொழிந்தார். நல்ல மனிதர்தாம், ஆனால் அவருக்கு மூக்கு மட்டுமே வேலை செய்கிறது.

வேறு வழி தோன்றாமல், எஞ்சிய சாடியின் வாயைக் களிமண்ணால் மூடி, தாங்கள் தந்த முத்திரை மோதிரத்தை அதிலேயே பதித்துவிட்டேன். அரச முத்திரையை உடைப்பவன் கை போகும் என்பது நம் நாட்டு வழக்கம். ஆகவே அவர் உலக்கையை ஊன்றியபடி அருகிலேயே அமர்ந்திருக்கிறார். ஆனால் காடிக்குக் காற்று வேண்டும். அதன்மேல் படரும் ஏடுதான் இனி உதிரும் பூவையும் காடியாக்கும் வித்து. மூடிய சாடிக்குள் அது மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருக்கிறது. திறந்தால் அவர் உடைப்பார். திறவாவிட்டால் அதைக் கொன்றவள் நானாவேன்.

மோதிரத்தைப் பெயர்த்தால் சாடியின் முத்திரையும் உடையும் என்பதால் அது களிமண்ணிலேயே இருக்கிறது; இவ்வோலை முத்திரையின்றி வருகிறது. பொய்யோலை என்று வாயிலோர் தள்ளிவிடலாகாது. ஆணையிடுவது தங்கள் உரிமை. அடியேன் இன்று கெஞ்சிக் கேட்பது ஒரே ஓர் ஆணை. சாடியைத் திறந்து காக்கும்படி ஒரு வரி எழுதிக் குதிரையில் அனுப்புங்கள். தங்கள் இளவலுக்காக நாடே அழுதது. கலமேறிப் போகிறவர்களுக்கும் அண்ணன்மார் இருக்கிறார்கள்.